டிரம்பெட் மேதை சிக் சாக்லேட்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

இராயபுரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு ஓசைகளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்று, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் ஊதொலி. மற்றொன்று, தெருமுனையில் திரும்பி வரும் பாண்டு வாத்தியத்தின் முழக்கம். வருவது மாப்பிள்ளை ஊர்வலமா, சவ ஊர்வலமா என்பதை, வாத்தியம் கண்ணில் படுவதற்கு முன்பே எங்கள் தெருப் பாட்டிமார்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பாண்டில் டிரம்பெட் ஊதுகிறவர்களில் ஒருவர் என் தந்தை. மற்ற நாட்களில் சுமை ஏற்றி இறக்கும் வேலை. அழைப்பு வரும் நாட்களில் சிவப்புச் சட்டையும் சரிகைத் தொப்பியும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சேர்க்கை விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கூலி என்று மட்டும் எழுதினேன். அது பொய்யன்று. ஆனாலும் முழு உண்மையும் அன்று. சாவுக்கு ஊதுகிறவரின் பிள்ளை என்று வகுப்பில் தெரிந்துவிடுமே என்ற கூச்சம்தான் காரணம். இதை இங்கே சொல்லிவிட்டுத்தான் நான் எழுத வந்த மனிதரைப் பற்றி எழுத முடியும்.

சென்ற ஆண்டு ஒரு மழைநாளில் வீட்டில் கைப்பேசியில் பழைய பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1951-இல் வந்த அல்பேலா என்ற இந்திப் படத்தின் பாட்டு. பாயில் படுத்திருந்த நைனா எழுந்து உட்கார்ந்தார். டிரம்பெட் ஊதுவது யார் என்று கேட்டார். பாட்டின் கீழே பார்த்தேன். பாடியவர் பெயர் இருந்தது, இசையமைப்பாளர் பெயர் இருந்தது, ஆடியவர் பெயரும் இருந்தது. ஊதியவர் பெயர் மட்டும் இல்லை. தெரியவில்லை என்றேன். நைனா மறுபடி படுத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அன்று தேடத் தொடங்கியதன் பயன்தான் இக்கட்டுரை.

நண்பர்களே! அந்தக் குழலுக்குச் சொந்தக்காரர் அன்டோனியோ சேவியர் வாஸ். உலகம் அவரை அறிந்தது சிக் சாக்லேட் என்ற மேடைப் பெயரால். 1916-ஆம் ஆண்டு கோவாவில் அல்டோனா என்னும் கிராமத்தில் பிறந்தார். அந்நாளில் கோவா போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் இருந்தது. 1961-இல்தான் இந்தியாவோடு இணைந்தது. போர்ச்சுக்கீசியர் அங்கே செய்த நன்மை தீமைகளை வரலாற்றுத் துறை நண்பர்கள் எடை போடட்டும். அவர்கள் காலத்துப் பங்குக் கோயில் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையானாலும் எழுத்துப் படிக்கும்போதே இசைக்குறியீட்டையும் படிக்கக் கற்றான். ஐந்து கோடுகளின்மேல் புள்ளிகளாகக் கிடக்கும் ஒரு தாளைப் பார்த்தவுடன் பாடவோ, வயலினில் வாசிக்கவோ அவனால் முடியும். இந்த ஒரு திறமையைக் கையில் வைத்துக்கொண்டு கோவாக்காரர்கள் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் பரவினார்கள். சமஸ்தான அரண்மனைகள், பட்டாளத்துப் பாண்டுகள், கப்பல்கள், ஊமைப்படக் கொட்டகைகள் என்று எங்கும் அவர்கள் வாசித்தார்கள். 1931-இல் ஆலம் ஆரா வந்து படம் பேசத் தொடங்கியதும் கொட்டகை வேலை போயிற்று. ஓட்டல் நடன அரங்குகளைத் தேடிப் போனார்கள்.

சிக் சாக்லேட்டின் தாயார் மகன் மெக்கானிக் ஆக வேண்டும் என்று விரும்பினாராம். எந்தத் தாயும் அதைத்தான் விரும்புவாள். எஞ்சினைப் பழுது பார்க்கிறவன் பட்டினி கிடக்க மாட்டான். மகனோ, அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டுகளில் லூயி ஆம்ஸ்டிராங்கைக் கேட்டுவிட்டார். அதன்பின் அவருக்கு வேறு வேலை தோன்றவில்லை.

இங்கே ஆம்ஸ்டிராங்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் நியூ ஆர்லியன்ஸ் என்றொரு துறைமுக நகரம். 1901-இல் அந்நகரின் மிக வறிய பகுதியில் பிறந்த கறுப்பினப் பிள்ளை அவர். புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் கைத்துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காக 1913-இல் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த பாண்டில்தான் முறையாக ஊதக் கற்றார். நியூ ஆர்லியன்ஸில் ஒருவர் இறந்தால் பாண்டு வாத்தியம் முன்னே செல்லும். கல்லறைக்குப் போகும்போது மெதுவான சோகப் பாட்டு. புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளும் தாளம். தெருவே சேர்ந்து ஆடும். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜாஸ் என்று உலகமே மதிக்கும் இசை வளர்ந்த இடங்களில் ஒன்று சாவு ஊர்வலம்! காசிமேட்டுக்கும் மூலக்கொத்தளத்துக்கும் இடையே நைனா நடக்கும் அதே நடை!

ஜாஸ் இசைக்குத் தெருவில் பிறந்த இந்தக் கிளை ஒன்று. தாளம் விழும் இடத்தில் அழுத்தாமல் அதற்குச் சற்று முன்போ பின்போ அழுத்துவதும், மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நொடியில் தோன்றியபடி விரிப்பதும் இதன் உயிர். நம் வித்வான்களின் மனோதர்மத்தைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மற்றொரு கிளையும் உண்டு. டென்வர் நகரத்தில் 1890-இல் பிறந்து, சிம்பொனிக் குழுவில் வியோலா வாசித்த பால் ஒயிட்மேன் என்ற வெள்ளையர், நடன அரங்கின் இந்த இசையைப் பெரிய வாத்தியக் குழுவுக்கென்று தாளில் எழுத வைத்தார். பெர்டி குரோஃபே என்பவர் அவருக்காக ஒவ்வொரு வாத்தியத்திற்கும் தனித்தனியே எழுதிக் கொடுத்தார். 1924 பிப்ரவரி 12-ஆம் நாள் நியூயார்க்கின் ஈயோலியன் அரங்கில் ஒயிட்மேன் நடத்திய கச்சேரியில்தான் ஜார்ஜ் கெர்ஷ்வினின் புகழ்பெற்ற ராப்சடி இன் புளூ முதன்முதலாக ஒலித்தது. ஒயிட்மேனுக்கு ஜாஸ் இசையின் அரசர் என்று பட்டம் கொடுத்தார்கள். கறுப்பின மக்கள் வியர்வை சிந்தி உண்டாக்கிய இசைக்கு வெள்ளையர் ஒருவர் அரசரா என்ற கேள்வி அன்று முதல் இன்று வரை எழுந்துகொண்டே இருக்கிறது. கேள்வி நியாயமானதே. ஆனால், பலர் சேர்ந்து வாசிக்க ஜாஸ் இசையைத் தாளில் அமைக்கலாம் என்பதை ஊரறியச் செய்தவர்களில் அவர் முன்னவர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இந்த இரு கிளைகளும் வந்து சேர்ந்த துறைமுகம் பம்பாய். 1935-இல் லியோன் ஆபி என்ற கறுப்பின வயலின் கலைஞர் தம் குழுவுடன் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து கிரிக்கெட் ஸ்மித், பியானோ மேதை டெட்டி வெதர்போர்டு முதலியோர் வந்தனர். சொந்த நாட்டில் முன்வாசல் வழியே நுழைய அனுமதி இல்லாத பல இடங்களை அறிந்தவர்கள் அவர்கள். இங்கே வெளிநாட்டுக் கலைஞர்கள் என்ற மரியாதை கிடைத்தது. வெதர்போர்டு ஊர் திரும்பவே இல்லை. 1945-இல் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். கோவாக்காரர்களுக்கு இசைத்தாளைப் படிக்கத் தெரியும். தாளில் இல்லாததை எப்படி வாசிப்பது என்பதை இந்த விருந்தாளிகளிடமும் இசைத்தட்டுகளிடமும் கற்றார்கள்.

சிக் சாக்லேட் 1930-களில் இளைஞராகவே தமக்கென்று ஒரு குழுவை அமைத்துக்கொண்டு முசௌரியிலும் ரங்கூனிலும் வாசித்தார். ரங்கூன் என்றால் வட சென்னைக்காரர்களுக்கு அயலூர் அன்று. அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் குடியேறி, நமக்கு அத்தோவைத் தின்னக் கற்றுக்கொடுத்தார்கள் அல்லவா! பின்னர் அவர் பம்பாய்க்கு வந்தார். 1940-களில் தாஜ் ஓட்டலில் அவர் நடத்திய குழு நாட்டின் சிறந்த ஜாஸ் குழுக்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது. கொலம்பியா நிறுவனம் அவருடைய வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. அவர் ஊதுவது ஆம்ஸ்டிராங்கைப் போலவே இருந்தது. கரகரத்த குரலில் பாடுவதும் அப்படியே. கையில் வெள்ளைக் கைக்குட்டை வைத்துக்கொள்வதையும் விடவில்லை. இந்தியாவின் லூயி ஆம்ஸ்டிராங் என்று மக்கள் அழைத்தார்கள். இந்தப் பட்டம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஒருவரை மற்றொருவரின் நிழலாகச் சொல்வது புகழ்ச்சியா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் அந்த நிழலாவது எளிதில் ஆகக்கூடியதா என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் சற்று விளக்க விரும்புகிறேன்.

டிரம்பெட் என்பது சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். சுருட்டி வைத்திருப்பதால் சிறிதாகத் தோன்றுகிறது. ஒலியை எழுப்புவது குழாய் அன்று, ஊதுகிறவரின் உதடுகள். அவை அதிர, உள்ளே உள்ள காற்றுத் தம்பம் தனக்கு இசைவான அதிர்வெண்களில் மட்டும் ஒத்ததிர்கிறது. ஆய்வகத்தில் இசைக்கவையை வைத்து நாம் செய்யும் ஒத்ததிர்வுச் சோதனையின் தத்துவமே இதுவும். வால்வுகள் மூன்றே மூன்று. நடு வால்வை அழுத்தினால் குழாயின் நீளம் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு கூடி, சுரம் அரைப்படி இறங்கும். முதல் வால்வு ஒரு படியும், மூன்றாவது ஒன்றரைப் படியும் இறக்கும். முதலிரண்டையும் சேர்த்து அழுத்துவதும் மூன்றாவதை மட்டும் அழுத்துவதும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கிடைப்பவை ஏழு நீளங்கள்தாம். இந்த ஏழு நீளங்களைக் கொண்டு இரண்டரை ஸ்தாயிக்குக் குறையாத சுரங்களை எழுப்ப வேண்டும். எஞ்சிய வேலை அனைத்தும் உதட்டுக்கு. ஒரே விரல் நிலையில் உதட்டின் இறுக்கத்தை மாற்றியே நைனா நான்கைந்து சுரங்களை எடுப்பார். நீண்ட ஊர்வலம் முடிந்து வரும் நாட்களில் அவர் மேலுதடு வீங்கியிருக்கும். சூடான தேநீரைக் குடிக்க முடியாது. அம்மா ஆற்றிக் கொடுப்பார். இத்தகைய வாத்தியத்தில், மூன்று நிமிடமே ஓடும் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் ஒருவரின் உதட்டைக் காதால் பார்த்துப் பழகியவர் சிக் சாக்லேட்.

1947-இல் ஆங்கிலேயர் கப்பலேறினர். 1949-இல் பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. நடன அரங்குகளின் வருமானம் படுத்தது. வாத்தியக்காரர்கள் பலர் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களை நோக்கி நடந்தார்கள். சிக் சாக்லேட் தாஜை விட்டுவிடவில்லை. ஆனால் அவர் வாழ்வின் பெரிய வேலை கூடத்தில்தான் நடந்தது.

அப்போது புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த இசையமைப்பாளர் சி. இராமச்சந்திரா. இவருக்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு. எம்.கே. ராதாவும் தவமணி தேவியும் நடித்து 1941-இல் வெளிவந்த வனமோகினி என்ற தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தவர் இவரே. அப்படத்தை இயக்கியவர் பகவான். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே இருவரும் இந்தியில் சேர்ந்து செய்ததுதான் அல்பேலா. அதில் பகவானே கதாநாயகன். இந்த முறை இராமச்சந்திராவின் பக்கத்தில் உதவியாளராக சிக் சாக்லேட் இருந்தார்.

உதவியாளர் என்றால் என்ன வேலை? அந்நாளைய முறையைத் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் போடுவார். மெட்டு என்பது ஒற்றைக் கோடு. அதை இருபது முப்பது பேர் கொண்ட குழு வாசிக்க வேண்டுமானால் வயலின்கள் எங்கே நுழைய வேண்டும், கிளாரினெட் எந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் டிரம்பெட் எதைக் கொண்டு நிரப்ப வேண்டும், அடியில் ஒலிக்க வேண்டிய ஒத்திசைச் சுரங்கள் எவை என்பதையெல்லாம் ஒருவர் முடிவு செய்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாளில் எழுதித் தர வேண்டும். நம் இசை மரபில் இராகம் உண்டு, தாளம் உண்டு. பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கும் ஒத்திசை இல்லை. ஆகவே இவ்வேலை கோவாக்காரர்களுக்குச் சேர்ந்தது. அந்தோணி கொன்சால்வஸ், செபாஸ்டியன் டிசௌசா, பிராங்க் பெர்னாண்ட் ஆகியோர் இவ்வேலையில் புகழ் பெற்றவர்கள். சிக் சாக்லேட்டும் அவர்களுள் ஒருவர். பிறகு ஒலிப்பதிவு. பாடகரும் குழுவும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். யாரேனும் ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒயிட்மேனுக்கு ஒரு குரோஃபே எழுதித் தந்தார். ஆம்ஸ்டிராங் எழுதாமலே ஊதினார். சிக் சாக்லேட் எழுதவும் எழுதினார், ஊதவும் ஊதினார் என்பதே அவரைப் பற்றி நான் வியப்பது. அல்பேலாவின் பாட்டுகளில் மெட்டு முடியும் இடத்தில் டிரம்பெட் சும்மா நிற்பதில்லை. ஒரு சிறு துள்ளலுடன் தாளத்துக்கு முன்னால் ஓடி, அடுத்த அடியை இழுத்துக்கொண்டு வருகிறது. நியூ ஆர்லியன்ஸ் தெருவின் நடை அது. ஆயினும் மெட்டு நம் நாட்டு மெட்டாகவே இருக்கிறது. தாஜ் ஓட்டலின் பளபளக்கும் தரையில் சீமான்களும் சீமாட்டிகளும் மட்டுமே கேட்ட ஒலி, ஓரணா டிக்கெட்டுக்காரன் காதுக்கும் வந்து சேர்ந்தது. அப்படத்தின் ஒரு பாட்டில், சுருக்கு வைத்த சட்டைக் கைகளோடு அவரும் அவர் குழுவினரும் திரையிலேயே தோன்றுகிறார்கள். எத்தனை பேர் அவர்களைக் கவனித்தார்களோ!

இராமச்சந்திராவை நான் குறை சொல்லவில்லை. மெட்டு அவருடையது, அது இல்லாமல் மற்றது நிற்காது. எனினும் பாட்டின் புகழைப் பங்கிடும் முறையில் ஏதோ கணக்குத் தவறு இருக்கிறது. மெட்டுப் போட்டவர் பெயர் நிலைக்கிறது. அதற்கு உடம்பு கொடுத்தவர் பெயர் உதவியாளர் என்ற சொல்லுக்குள் போய்விடுகிறது. ஊதியவர்களுக்கு அதுவும் இல்லை. சிக் சாக்லேட் தனித்து இசையமைக்கவும் முயன்றார். 1951-இல் நாதான், 1952-இல் ரங்கீலி ஆகிய படங்கள் அவர் இசையில் வந்தன. அல்பேலாவுக்குக் கிடைத்த வரவேற்பு அவற்றுக்குக் கிடைக்கவில்லை. மெட்டுப் போடுவது வேறு திறமை, வாத்தியக் குழுவை அமைப்பது வேறு திறமை என்பதற்கு இதையே சான்றாகக் கொள்ளலாம். நம் கோடம்பாக்கத்திலும் இதே கதைதான். எம்.எஸ். விஸ்வநாதனின் இசைக்குப் பின்னால் உழைத்த ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்றோரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1966-இல் சேதன் ஆனந்த் இயக்கிய ஆக்ரி கத் என்ற படம் வெளிவந்தது. ராஜேஷ் கன்னாவின் முதல் படம் அது. கய்யாம் இசையில் பூபிந்தர் பாடும் ஓர் இரவு விடுதிப் பாட்டில் சிக் சாக்லேட் தம் டிரம்பெட்டுடன் திரையில் வருகிறார். அல்பேலாவின் துள்ளல் இதில் இல்லை. தாழ்ந்த குரலில், தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் ஊதுகிறார். இங்கே அவர் யாருடைய நிழலும் இல்லை என்பது என் எண்ணம். மறு ஆண்டு, 1967 மே மாதம், தம் ஐம்பத்தோராம் வயதில் அவர் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 29-இல் பால் ஒயிட்மேனும் காலமானார். ஒருவருக்கு அரசர் பட்டம்; மற்றவருக்கு இன்னொருவரின் பெயரே பட்டம்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட அன்று, நைனா அன்று கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லி, பெயரையும் சொன்னேன். சாக்லேட் என்றதும் சிரித்தார். 1966-இன் பாட்டைப் போட்டுக் காட்டினேன். சிரிப்பு நின்றது. மூன்று முறை போடச் சொன்னார். பிறகு பரண்மேலிருந்து தம் டிரம்பெட்டை இறக்கி, அண்டை வீட்டார் தூங்கும் நேரமாகையால் அதன் வாயில் ஒரு துணியைச் செருகிக்கொண்டு, முதல் சொற்றொடரை ஊதிப் பார்த்தார். நான்காவது முறை சரியாக வந்தது. அந்தக் குழுவில் எத்தனை பேர், அவர்களும் நடந்துகொண்டே ஊதுவார்களா என்று கேட்டார். இல்லை, உட்கார்ந்துதான் என்றேன். அதுதான் இவ்வளவு மெதுவாக ஊத முடிகிறது என்றார்.

இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்திலும் அதே கட்டம் இருந்தது. கூலி, டிரம்பெட் கலைஞர் என்று இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். படிவத்தை வாங்கியவர் படித்துவிட்டு, நைனாவின் பாண்டுக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று விசாரித்தார். அவர் வீட்டில் தை மாதம் கல்யாணமாம்.